ஆம்னி வேனில் கிடந்த பழைய கேஸ் தொட்டி: கழற்றிய விதம், மாற்றிய விதம்

போன ஆடி 18 அன்று பவானி கூடுதுறையில் குளித்துவிட்டுத் திருச்செங்கோடு திரும்பியபோது, என் பட்டறை வாசலில் ஆம்னி வேன் நின்றது. என் அக்காள் மகன் கோவையில் இருந்து ஓட்டி வந்திருந்தான். பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே குறுக்காகப் படுத்திருந்தது ஓர் உருளைத் தொட்டி. அதைப் பிடித்திருந்த துருப்பட்டையின் மேல் பட்டறைப் பையன் கட்டிங் மிஷினை வைக்கப் போனான். செருப்பைக்கூட விடாமல் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"காலித் தொட்டிதானே மாமா, இரண்டு வருடமாக கேஸே நிரப்பவில்லையாம்" என்றான் மருமகன். வண்டியை விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் கழித்து அந்தத் தொட்டியைத் தராசில் ஏற்றினோம். தகட்டில் பொறித்திருந்த காலி எடையைவிட 3 கிலோ கூடுதலாக இருந்தது. 3 கிலோ திரவம் ஆவியானால் ஏறக்குறைய 1.4 கன மீட்டர் வாயு. காற்றில் 2 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். அந்தக் கணக்கில் 70 கன மீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்க அந்த 3 கிலோ போதும். ஆம்னி வேனின் உள்வெளி நாலைந்து கன மீட்டர்தான். பட்டறையில் அன்று ஐந்து பேர் இருந்தோம்.

வேனைத் தங்கும் வண்டியாக மாற்றுகிறவர்கள் இப்போது கொங்குப் பக்கம் பெருகிவிட்டார்கள். வால்பாறைக்கும் ஏற்காட்டுக்கும் குடும்பத்தோடு போய், வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து எழுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இதில் என்ன பழக்கம் என்று கேட்கலாம். இருபத்து நான்கு ஆண்டுகளாக ரிக் வண்டி வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போட ராய்ச்சூர், ஜபல்பூர், ராய்ப்பூர் என்று போகும் வண்டியில் பத்துப் பேர் மாதக்கணக்கில் குடியிருப்பார்கள். சப்போர்ட் லாரியின் ஓரத்தில் அடுப்பு, பக்கத்துப் பெட்டியில் சிலிண்டர். வீட்டு வண்டி என்ற பேச்சு வருவதற்கு முன்பே எங்கள் ஊர் லாரிகள் வீடாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் அந்தத் தொட்டி என்ன தொட்டி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. மருமகன் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அங்கே பெரிய வீட்டு வண்டிகளின் அடியில் புரொப்பேன் தொட்டியை நிரந்தரமாகப் பொருத்துகிறார்கள். அது படுத்த நிலையில் இருந்தாலும், அடுப்புக்குப் போகும் குழாய் மேல்பகுதியில் இருக்கும் ஆவியைத்தான் எடுக்கும்படி செய்யப்பட்டது. 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாது. வண்டியோடு போய் நிரப்பிக்கொள்ள அங்கே நிலையங்கள் உண்டு. நம் ஆம்னியில் இருந்தது அது அல்ல. அது எஞ்சினை ஓட்டுவதற்கான ஆட்டோகேஸ் தொட்டி. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வேலை நேர் எதிர். ஆட்டோகேஸ் தொட்டியின் குழாய் அடியில் இருந்து திரவத்தை உறிஞ்சும். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் வேப்பரைசர், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டால் அதை ஆவியாக்கித் தரும்.

அந்தத் தொட்டியில் இருந்து பழைய உரிமையாளர் செப்புக் குழாய் ஒன்றைப் பிரித்து அடுப்புக்கு இழுத்திருந்தார். இதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அடுப்புக்கு ஆவி போக வேண்டிய இடத்தில் திரவம் போனால், ஒரு மடங்கு திரவம் ஏறக்குறைய 250 மடங்கு வாயுவாக விரியும். ரெகுலேட்டரால் அதைத் தாங்க முடியாது, பர்னரில் ஆளுயரத்துக்குத் தீ எழும். உங்கள் வண்டியில் அப்படி ஓர் இணைப்பு இருந்தால் அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இணைப்பையே எடுத்துவிட வேண்டும்.

தொட்டியைக் கழற்றும் வேலையை நாங்கள் செய்யவில்லை. முப்பது வருடம் வெல்டிங் அடித்த கைகள் என் பட்டறையில் இருக்கின்றன, ஆனாலும் செய்யவில்லை. வண்டி கேஸில் ஓடும் நிலையில் இருந்தால், எஞ்சின் தானாக நிற்கும்வரை கேஸிலேயே ஓட்டித் தொட்டியை வற்றவைக்கலாம். அதற்குப் பிறகும் உள்ளே ஆவி இருக்கும். வேப்பரைசர் பழுதாகிக் கிடந்ததால் எங்களுக்கு அந்த வழியும் இல்லை. செப்புக் குழாயைத் தொடாமல், தொட்டியின் வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவைத்து, ஈரோட்டில் ஆட்டோகேஸ் பொருத்த உரிமம் பெற்ற ஓரிடத்துக்குப் பெட்ரோலில் ஓட்டிப்போனோம். அவர்கள் தொட்டியை இறக்கி, எடை போட்டு, மீதியை முறைப்படி வெளியேற்றி, கழற்றியதற்குச் சான்றும் தந்தார்கள். அந்தச் சான்று முக்கியம். பதிவுச் சான்றிதழில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலும் எல்பிஜியும் என்று இருந்தால், தொட்டியை எடுத்த பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைத் திருத்த வேண்டும். வேனுக்குள் கட்டில், அலமாரி என்று அமைப்பையே மாற்றுகிறவர்கள் அதற்கும் அனுமதி பெற வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.

பழைய தொட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அங்கே அதை வெட்டப்போவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலந்துதான் நாற்றம் வரவைக்கிறார்கள். தொட்டியின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் அந்தத் துரு நாற்றத்தைத் தின்றுவிடும். நெடுநாள் சும்மா கிடந்த பழைய தொட்டியில் கசிவு இருந்தும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். "மோந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்ற சொல்லைப் பழைய தொட்டி விஷயத்தில் நம்பாதீர்கள்.

இனி மாற்று. நம் நாட்டில் வண்டியோடு போய்ச் சமையல் தொட்டியை நிரப்பிக்கொள்ளும் வசதி இல்லை. ஆட்டோகேஸ் நிலையங்கள் எஞ்சின் தொட்டிக்கு மட்டும்தான். எனவே, காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும் சிலிண்டர்தான் வழி. வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரைத் தூக்கி வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். அது வீட்டுச் சமையலுக்கு மட்டும் தரப்படுவது, வேறு இடத்தில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். எங்கள் ரிக் வண்டிகளுக்கு 19 கிலோ நீலச் சிலிண்டர். சின்ன வேனுக்கு 5 கிலோ சிலிண்டரே பொருத்தம். இந்தியன் ஆயில் 'சோட்டு' என்ற பெயரில் தருகிறது, மற்ற எண்ணெய் நிறுவனங்களும் இதே அளவில் தருகின்றன. அடையாளச் சான்று ஒன்று போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும், ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ரெகுலேட்டரைக் கையோடு கொண்டுபோய், வால்வில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். தெருவோரத்தில் நிரப்பித் தரும் முத்திரையில்லாத குட்டிச் சிலிண்டரை வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அதன் சுவர் எத்தனை மெல்லியது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று சொல்ல ஆளே இல்லை.

சிலிண்டரை வாங்கும்போது கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் அதன் பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பி-27 என்று இருந்தால் 2027 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டர் மறு சோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். அடிவளையத்தில் துரு பொரிந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். காலி எடையும் அதே பட்டையில் இருக்கும். கேஸ் எவ்வளவு மிச்சம் என்று பயணத்தில் அறிய மீன் எடை போடும் கைத்தராசு போதும். தராசு இல்லையென்றால் ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டுச் சற்று நின்று பாருங்கள், திரவம் இருக்கும் உயரம்வரை ஈரம் காயாமல் நிற்கும்.

சிலிண்டர் கெடுவதைவிட அதைச் சுற்றி நாம் அமைப்பதுதான் அதிகம் கெடுகிறது. சிலிண்டராவது காலிக்கு நிரம்பியது என்று மாறிக்கொண்டே இருக்கிறது, நிறுவனத்தார் சோதிக்கிறார்கள். பெட்டி, பட்டை, குழாய், ரப்பர் இவற்றை நம்மைத் தவிர யாரும் சோதிக்க மாட்டார்கள். எனக்கு இதைக் கற்பித்தது ராய்ச்சூர்ப் பக்கத்துப் பருத்திக்காடு.

அது ஒரு மார்கழி இரவு. நான் அப்போது வண்டியோடு மேனேஜராகவும் போய்க்கொண்டிருந்தேன். ஆயிரத்து இருநூறு அடி போட்டு முடித்துவிட்டு, பையன்கள் சோறு தின்று படுத்துவிட்டார்கள். ஜார்க்கண்டில் இருந்து புதிதாக வந்த பையன் மட்டும் பனிக்கு ஒதுங்கி, சப்போர்ட் லாரிக்கு அடியில், சிலிண்டர் பெட்டிக்கு நேர் கீழே தார்ப்பாயை விரித்துப் படுத்திருந்தான். விடியப் போகும் நேரத்தில் நான் எழுந்து அந்தப் பக்கம் குனிந்தபோது நாற்றம் அடித்தது. நின்ற உயரத்தில் ஒன்றுமே தெரியவில்லை, முழங்காலுக்குக் கீழேதான் நாற்றம். கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குவரை கனமானது. தண்ணீரைப்போலப் பள்ளம் தேடி ஓடும். பையனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். தலை சுற்றுகிறது என்று வாந்தி எடுத்தான். நல்ல காலம், மதியத்துக்குள் தெளிந்துவிட்டான். ரப்பர்க் குழாயை எலி கடித்திருந்தது. அதைவிடக் கொடுமை, இரவு ரெகுலேட்டரை மூட வேண்டும் என்று அந்த வண்டியில் யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. பீடி பற்றவைக்கும் ஆள்கள் நான்கு பேர் பத்தடி தள்ளித்தான் படுத்திருந்தார்கள். அந்தப் பையன் இப்போது வேறொரு வண்டியில் டிரில்லர். ஒவ்வொரு தீபாவளிக்கும் தொலைபேசியில் பேசுவான். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தார்ப்பாய் நினைவுக்கு வரும்.

அதனால் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிலிண்டர் பெட்டியின் கதவு வண்டிக்கு வெளியே மட்டும் திறக்க வேண்டும். படுக்கும் பகுதியோடு அதற்கு எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது, கம்பி போக ஒரு துளைகூட வேண்டாம். காற்றுப் போக்கு பெட்டியின் தரையிலேயே இருக்கட்டும், கேஸ் கீழே இறங்கி வெளியே போக வேண்டுமே. மருமகனின் வேனில் பின்கதவை ஒட்டித் தகட்டுப் பெட்டி செய்தோம். தரையில் இரண்டு அங்குல அகலத்தில் மூன்று துளைகள் போட்டு, எலி நுழையாமல் கம்பி வலை அடித்தோம். துளைக்கு நேர் கீழே சைலன்சர் வரக் கூடாது. பேட்டரியும் டீசல் கேனும் அதே பக்கத்தில் வேண்டாம். பெட்டிக்குள் சுவிட்சு, விளக்கு எதையும் பொருத்தாதீர்கள். சிலிண்டர் நின்ற நிலையில்தான் இருக்க வேண்டும், படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவம் வெளியேறும். தகட்டுத் தரையில் நேரடியாக வைத்தால் அடிவளையத்தில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும் என்பதால் இரண்டு மரச்சட்டங்களின் மேல் வையுங்கள். நடுவில் ஒன்று, தோளுக்குக் கீழே ஒன்று என இரண்டு இரும்புப் பட்டைகள், அவற்றின் உட்புறம் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டினால் சிலிண்டரின் பெயிண்ட் உரியாது. பட்டை இறுகிய பிறகு இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள், சிலிண்டரோடு வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும்.

குழாய்க்கு வருவோம். சிலிண்டரும் அடுப்பும் பக்கத்தில் இருந்தால் எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ஹோஸ் ஒன்றே போதும். ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். அதன் ஆயுள் 5 ஆண்டு, தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். வண்டியில் ஓடும் ஹோஸை நான் 3 ஆண்டிலேயே மாற்றிவிடுகிறேன், குலுக்கலும் வெயிலும் வீட்டுச் சமையலறையில் இல்லாதவை. தூரம் அதிகமென்றால் நடுவில் செப்புக் குழாய். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், நாமக்கல் போய்த் திரும்புவதற்குள் தகடு குழாயை அறுக்கத் தொடங்கிவிடும். முழத்துக்கு ஒரு கிளிப் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இணைப்பே வரக் கூடாது. பழைய செப்புக் குழாயில் பச்சை பூத்திருந்தாலோ நசுங்கியிருந்தாலோ ஒட்டுப்போடாமல் முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

ரெகுலேட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டு அடுப்புக்கு 30 மில்லிபார் அழுத்தம் தரும் ரெகுலேட்டர் போதும். பந்தல் சமையலுக்கு வைக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை அதில் மாட்டினால் அடுப்பின் குமிழ் தாங்காது.

எல்லாம் பொருத்திய பிறகு சோதனை. நான் கேஸ் விடுவதற்கு முன்பே காற்றால் சோதிக்கிறேன். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதை 'ப' எழுத்துப்போல மடக்கிப் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஒரு பர்னரின் ஜெட்டில் (கேஸ் வெளிவரும் சின்ன முனை) மாட்டி, அந்தக் குமிழை மட்டும் திறந்து, மற்றக் குமிழ்களை மூடுங்கள். ரெகுலேட்டரைச் சிலிண்டரில் இருந்து எடுத்துவிட்டு, ஹோஸின் சிலிண்டர்ப் பக்க முனையில் வாயால் ஊதுங்கள். 30 மில்லிபார் என்பது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 35 சென்டிமீட்டர் வந்ததும் ஹோஸின் முனையை அடைத்துவிட்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் தண்ணீர் கோட்டிலேயே நின்றால் இணைப்புகளில் கசிவு இல்லை. மருமகன் வேனில் முதல் தடவை நான்கு நிமிடத்தில் பாதி இறங்கிவிட்டது. அடுப்பின் பின்புற நட்டு அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது. மூக்குக்கோ காதுக்கோ தெரிந்திருக்காத கசிவு அது.

பிறகு சிலிண்டரை மாட்டி, ஷாம்பு நுரையை ஒவ்வோர் இணைப்பிலும் தடவிப் பாருங்கள். ரெகுலேட்டர் உட்காரும் இடம் காற்றுச் சோதனையில் வராது, அங்கே நுரைதான் சொல்லும். சோப்புக் குமிழ் வளர்ந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை இன்னும் சிலர் விடவில்லை. வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மருமகனுக்கு இதெல்லாம் அதிகப்படியாகத்தான் முதலில் தோன்றியது. 2025 ஜனவரி 3 அன்று அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்ததை நினைவுபடுத்தினேன். தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சினார்கள், சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அன்று யாரும் தீப்பொறி எழ விடாததால் ஊர் தப்பியது. அதே போல 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில், நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். குறுகிய பெட்டி, உள்ளே மனிதர்கள், அவர்களோடு சிலிண்டர். நம் வேனும் அதுதான்.

அதனால் சமையலை வண்டிக்கு உள்ளே வைக்காதீர்கள். அடுப்பைப் பின்கதவில் இழுப்பறைபோல வெளியே வரும்படி செய்தோம். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதைவிடப் பெரிய தவறு கிடையாது. அடைத்த இடத்தில் எரியும் தீயில் இருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஊட்டியின் தைக் குளிரில் தீ சுணங்கினால் சிலிண்டரின்மேல் கோபப்படாதீர்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், பியூட்டேனுக்குப் பூச்சியத்தை ஒட்டி வந்தாலே ஆவியாக மனம் வராது. நம் சிலிண்டரில் இருப்பது இரண்டும் கலந்தது. வெயில் ஏறும்வரை காத்திருங்கள், சிலிண்டரைத் தீயில் காட்டாதீர்கள், கொதிநீரும் ஊற்றாதீர்கள்.

கேஸ் கசிவைக் காட்டும் அலாரத்தைப் படுக்கும் பகுதியின் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். கூரையில் வைத்தால் பயனில்லை. வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வில் மூடியைப் போட்டுவிட வேண்டும். படுக்கும் முன்பும் அப்படியே. கசிவு தெரிந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள், கைப்பேசியையும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுக்காதீர்கள். வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, காற்று வீசும் திசைக்கு எதிரே மேட்டுப் பக்கமாக விலகி நின்று 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

இரண்டாம் தடவை தண்ணீர் கோட்டை விட்டு அசையவில்லை. பட்டறை முற்றத்தில் பின்கதவைத் திறந்து அடுப்பை இழுத்து, என் மனைவி முதல் சமையலாக அரிசிம்பருப்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மருமகனிடம் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தேன். பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஹோஸ் மாற்ற வேண்டிய ஆண்டையும், அடுத்த காற்றுச் சோதனை தை மாதம் என்பதையும் எழுதினான். அதற்குக் கீழே, சிலிண்டர் மாறும்போதெல்லாம் அதன் சோதனைத் தேதியைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுத இடம் விட்டிருக்கிறது.